அம்பு கிடக்கும் இடம்: காம்பவுண்ட் வில்லில் ரெஸ்ட்டைப் பொருத்துவதும் திருத்துவதும்

முழுதாக இழுத்த காம்பவுண்ட் வில்லில் அம்பைப் பிடித்திருப்பவை இரண்டே இடங்கள். வால் நாணைக் கவ்வியிருக்கும். முன்பகுதி ரெஸ்ட்டின்மேல் கிடக்கும். இரண்டுக்கும் இடையே 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்ட் பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால், வெறும் கோணக் கணக்குப்படி, 50 மீட்டர் தூரத்தில் அம்பு நோக்கும் புள்ளி 7 செ.மீ. விலகிப்போகும். காம்பவுண்ட் வில்லுக்கான 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 8 செ.மீ.தான். குறிபார்க்கும் சைட்டைத் திருப்பி இந்த விலகலைச் சரிக்கட்டலாம்; தடையில்லை. ஆனால் அம்பு எங்கே போய் விழுகிறது என்பதை மட்டுமே சைட் மாற்றும். நாணை விட்டுக் கிளம்பும்போது அம்பு நேராகக் கிளம்பியதா, வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பியதா என்பதில் சைட்டுக்கு வேலையில்லை. அங்கே கை வைப்பது ரெஸ்ட்.

எந்த வகை ரெஸ்ட், எங்கே பொருத்துவது, எதைப் பார்த்துத் திருத்துவது, எவ்வளவு தூரம் திருத்தலாம் என்று நான்கு கேள்விகள் இதில் இருக்கின்றன. முதல் மூன்றில் பயிற்சியாளர்களிடையே பெரிய சண்டையில்லை. நான்காவதில் இரண்டு கட்சி உண்டு. ரெஸ்ட் நகர வேண்டிய தூரம் மிகச் சிறியது, அதைத் தாண்டி நகர்த்த வேண்டி வந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது என்பது ஒரு கட்சி. அம்பு நேராகப் போகும்வரை ரெஸ்ட்டை நகர்த்து, போதும் என்பது மற்றது. நான் முதல் கட்சி. காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சிறு கருவி இன்றைய உருவத்துக்கு வந்த வழி தெரிந்தால் பொருத்தும் முறையும் புரியும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் பெற்றதுதான் காம்பவுண்ட் வில். அப்போது நாணை விரலால்தான் இழுத்தார்கள். விரலிலிருந்து நழுவும் நாண் நேராக முன்னே போவதில்லை. விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு நெளிவு நெளிந்து போகிறது. பின்னாலிருந்து தள்ளப்படும் அம்பும் அதற்கேற்பப் பக்கவாட்டில் வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் கேமராவில் பதிவுசெய்து காட்டியது இந்த வளைவைத்தான். ஆகவே அந்தக் கால ரெஸ்ட்டுக்கு இரண்டு வேலை: கீழிருந்து தாங்க ஒரு சிறு கம்பி, பக்கத்திலிருந்து அம்பின் முதல் வளைவை ஏற்றுக்கொள்ள ஸ்பிரிங் வைத்த ஒரு பொத்தான். ரிகர்வ் வில்லில் இன்றும் அந்த ஏற்பாடுதான்.

ரிலீஸ் என்ற கைக்கருவி வந்ததும் கதை மாறியது. நாணில் கட்டிய டி-லூப் என்ற வளையத்தைக் கொக்கியால் பிடித்து, விசையை அழுத்தி விடுவிக்கும்போது நாண் ஏறக்குறைய நேராகவே முன்னே பாய்கிறது. அம்பு இப்போது பெரும்பாலும் மேலும் கீழுமாக வளைகிறது. வில்லின் நடுத்தண்டான ரைசரையும் நடுக்கோட்டைத் தாண்டி உள்வாங்கிச் செதுக்கிவிட்டதால் அம்பு எதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. பக்கத் தாங்கலுக்குத் தேவை குறைந்தது. கீழிருந்து தாங்கிவிட்டு வழியை விட்டு விலகிக்கொள்ளும் அமைப்புக்குத் தேவை வந்தது. பின்னால் வந்த எல்லா வகைகளும் இந்த ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்கள்: தாங்கி முடித்த பிறகு சிறகுக்கு எப்படி வழிவிடுவது?

இரட்டைக் கம்பி ரெஸ்ட் சிறகை நடுவே போகவிட்டது. பிளேடு ரெஸ்ட் ஒரே ஒரு மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடு. நுனியில் வெட்டிய சிறு பள்ளத்தில் அம்பு உட்காரும். அம்பு கீழ்நோக்கி வளையும்போது தகடும் தணிந்து கொடுக்கும். 0.008, 0.010, 0.012 இன்ச் என்று தகட்டின் தடிமன் மாறும். எடை கூடிய அம்புக்குத் தடித்த தகடு. நகரும் உறுப்பு எதுவும் இல்லாததால் கெட்டுப்போகவும் அதிகம் எதுவுமில்லை. இலக்குப் போட்டிக்காரர்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவே முதல் காரணம். ஆனால் வில்லைச் சற்றுச் சாய்த்தாலே அம்பு உருண்டு விழும். காட்டில் வேட்டையாடுபவருக்கு அது ஒத்துவராது. அவருக்காக வந்தது விஸ்கர் பிஸ்கட்: வட்டமான தூரிகை, நடுவே துளை, அம்பு அதற்குள். வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு விழாது. அதற்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு முறையும் சிறகு தூரிகையை உரசிக்கொண்டு போவது. அதனால் கொஞ்சம் வேகம் குறையும், சிறகு சீக்கிரம் கசங்கும், நார்கள் நாளடைவில் தேய்ந்து அம்பு கிடக்கும் உயரமே இறங்கிவிடும். தூரிகை வைத்தவர்கள் ‘வில் கெட்டுவிட்டது’ என்று புலம்பும்போது பல முறை கெட்டிருப்பது அந்த நார்தான்.

இன்று அதிகம் விற்பது டிராப்-அவே. நாணை இழுக்கும்போது எழுந்து நின்று அம்பைத் தாங்கி, விட்டதும் சிறகு வருவதற்குள் படுத்துக்கொள்ளும். இதை இயக்குவதில் இரண்டு வழி. கேபிளில் கட்டிய கயிறு இழுத்து ரெஸ்ட்டை எழுப்புவது ஒன்று. இதில் ஸ்பிரிங் கீழே இழுக்கும், கயிறு மேலே தூக்கும். வில்லின் வளையும் கையான லிம்பில் கட்டுவது மற்றொன்று. இதில் எல்லாம் தலைகீழ். ஸ்பிரிங் மேலே தூக்கப் பார்க்கும், வில் சும்மா இருக்கும்போது இறுகிய கயிறு அதைக் கீழே பிடித்துவைத்திருக்கும். இழுக்கும்போது லிம்ப் வளைய, கயிறு தளர, ரெஸ்ட் எழும். விட்டதும் லிம்ப் நிமிர்ந்து கயிற்றைச் சுண்ட, ரெஸ்ட் படுக்கும். கேபிள் வகையைவிட லிம்ப் வகை அம்பை அதிக நேரம் தாங்கிக்கொண்டு போகும். அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதிலும் வேறுபாடு உண்டு. லிம்ப் வகையில் கயிறு அறுந்தால் ரெஸ்ட் மேலேயே நிற்கும், எய்துவிடலாம். கேபிள் வகையில் அறுந்தால் ரெஸ்ட் எழவே எழாது. தொலைதூரம் போய்ப் போட்டியில் நிற்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே வகையைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

இனி பொருத்துவது. ரெஸ்ட்டைக் கையில் எடுப்பதற்கு முன் வில் அதன் அளவில் இருக்க வேண்டும். வில்லின் முனைகளில் உள்ள கேம் என்ற சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகச் சுழன்று நிற்கின்றனவா, அச்சுக்கு அச்சு நீளமும் நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரமும் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய நாண் கொஞ்ச நாளில் நீண்டுகொடுக்கும். அது அடங்குவதற்குள் ரெஸ்ட்டைத் துல்லியமாக வைப்பது வீண்வேலை.

ரைசரில் கைப்பிடிக்கு மேலே மரையிட்ட துளை இருக்கும். பெர்கர் துளை என்பார்கள். 5/16 இன்ச் விட்டம், இன்சுக்கு 24 மரை என்பது பொது அளவு. ஆகவே எந்தக் கம்பெனி ரெஸ்ட்டையும் எந்தக் கம்பெனி வில்லிலும் பெரும்பாலும் பூட்டிவிடலாம். ஒற்றைத் திருகில் நிற்பதால் தட்டுப்பட்டால் சுழன்றுவிடும் என்பது இதன் குறை. அதற்காகவே இரண்டாவது துளையோ பக்கவாட்டு முட்டுத் திருகோ வைக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் ரைசரின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு காடி வெட்டி, அதை ரெஸ்ட் கவ்விப் பிடிக்கும் முறையும் பரவியிருக்கிறது. இது சுழலாது, எனக்குப் பிடித்த மாற்றம். திருகை ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து ஓரளவு இறுக்கினால் போதும். ரைசர் அலுமினியம், திருகு எஃகு; பலத்தைக் காட்டினால் பணிவது மரைதான்.

உயரம் அடுத்தது. அம்புத்தண்டின் மையம் பெர்கர் துளையின் மையத்தோடு ஒரே உயரத்தில் போவதுதான் தொடக்க நிலை. நாணோடு அம்பு 90 பாகையில் நிற்க வேண்டும். வில்லைக் கவ்வியில் நிறுத்தி, ரசமட்டத்தை நாணில் வைத்து நிமிர்த்து, இன்னொரு ரசமட்டத்தை அம்பின்மேல் வைத்தால் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. டிராப்-அவே என்றால் ரெஸ்ட் முழுதாக எழுந்து நிற்கும் நிலையில் இதை அளக்க வேண்டும். படுத்த நிலையில் அளந்துவிட்டு அம்பு மேல்நோக்கிப் போகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு. மட்டம் பார்ப்பதோடு சாய்வையும் பாருங்கள்: ரெஸ்ட்டின் கைகள் இடது வலம் சாய்ந்திருந்தால், உயரத் திருகைத் திருப்பும்போதெல்லாம் அம்பு பக்கவாட்டிலும் நகரும். பிறகு எந்தச் சோதனையும் தெளிவான பதில் தராது.

பக்கவாட்டு நிலைக்குப் பல தயாரிப்பாளர்கள் சொல்லும் தொடக்க எண் 13/16 இன்ச். அதாவது ரைசரின் உட்பக்கத்திலிருந்து அம்பின் மையம்வரை 20.6 மி.மீ. வில்லுக்கு வில் இது கொஞ்சம் மாறும், கையேட்டைப் பாருங்கள். கண்ணளவில் நாணும் அம்பும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பார்த்து வைப்பது பழைய வழக்கம். கேம் சற்றுச் சாய்ந்திருந்தால் அந்தக் கோடே பொய் சொல்லும். ஸ்கேலை நம்புவது நல்லது.

முன்பின் நிலைக்கு யாரும் போதிய கவனம் கொடுப்பதில்லை. 1980-களில் ரெஸ்ட்டைக் கைப்பிடிக்கு மிகவும் பின்னால் இழுத்து வைத்து, குட்டையான, எடை குறைந்த அம்பை எய்து வேகம் சம்பாதிக்கும் மோகம் இருந்தது. வேகம் வந்தது, கை சற்றுத் திருகினாலும் அம்பு தாறுமாறாகப் போவதும் வந்தது. கைப்பிடியின் குழிவில் வில் சுழலும்போது முன்னால் இருக்கும் சைட் ஒரு பக்கமும் பின்னால் இருக்கும் ரெஸ்ட் எதிர்ப்பக்கமும் நகரும். ரெஸ்ட்டுக்கும் குழிவுக்கும் உள்ள தூரம் கூடக் கூட இந்தப் பிழையும் பெருகும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதியே காம்பவுண்ட் வில்லில் அம்பு தாங்கும் புள்ளி குழிவிலிருந்து 6 செ.மீ.க்கு மேல் பின்னால் போகக்கூடாது என்கிறது. இந்தத் திருகலையே திருத்தச் சோதனையாகவும் செய்கிறார்கள். வேண்டுமென்றே கைப்பிடியை இடப்பக்கம் திருகி ஒரு சுற்று, வலப்பக்கம் திருகி ஒரு சுற்று எய்து, இரண்டு குழுக்களும் நெருங்கி வரும்வரை ரெஸ்ட்டை முன்பின் நகர்த்துவது. பிழை செய்தால் எவ்வளவு மன்னிக்கும் என்று வில்லையே கேட்டுவிடும் இந்தச் சோதனை, எல்லாவற்றிலும் பயனுள்ளது என்பது என் கருத்து. செய்பவர்கள்தான் குறைவு.

முன்பின் பேச்சு வரும்போது ஓர் எச்சரிக்கை. முழுதாக இழுத்த நிலையில் அம்பின் முனை ரெஸ்ட்டுக்கு முன்னால் குறைந்தது 1 இன்சாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டை அம்பு ரெஸ்ட்டுக்குப் பின்னால் விழுந்து, அந்த நிலையில் விசை தட்டப்பட்டால், அது போய்ச் சேரும் இடம் வில் பிடித்த கை. டிராப்-அவே எழும் நேரத்தைச் சரிபார்க்கிறேன் என்று அம்பில்லாமல் இழுத்து விட்டுவிடவும் கூடாது; லிம்பும் கேமும் நாணும் உடையும்.

டிராப்-அவேயின் நேரம் தனி வேலை. கேபிள் வகையில் இழுப்பின் கடைசி ஓரிரு இன்சில் ரெஸ்ட் முழு உயரத்தை எட்ட வேண்டும். முன்னதாகவே எட்டினால் விட்டபின் தாமதமாகப் படுக்கும், சிறகு இடிக்கும். எட்டாமலே நின்றால் அம்புக்குத் தாங்கல் போதாது. கயிறு நீளத்தை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். சிறகு இடிக்கிறதா என்று அறிய முகப்பவுடர் போதும். ரெஸ்ட்டின்மீதும் ரைசரின் அடித்தட்டிலும் மெல்லத் தூவிவிட்டு எய்தால், உரசிய இடம் கோடு கோடாகத் தெரியும். உதட்டுச்சாயத்தைச் சிறகின் ஓரத்தில் தடவுபவர்களும் உண்டு. உரசல் இருக்கும்வரை அடுத்த சோதனைகளைத் தொடக்கூடாது. அடுத்து வரும் காகிதச் சோதனையில் தெரியும் கிழிசல் உரசலால் வந்ததா, ரெஸ்ட் நிலையால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

திருத்தும் சோதனைகளில் மக்கள் முதலில் எடுப்பது காகிதம். சட்டத்தில் தாளைக் கட்டி, ஓரிரு மீட்டர் தள்ளி நின்று, அம்பைத் தாளினூடே எய்வது. முனை ஓர் ஓட்டை போடும். வால் வேறு இடத்தில் வந்தால் அதுவரை தாள் கிழியும். வால் மேலே கிழித்திருந்தால் நாணில் அம்பு மாட்டும் இடம் உயரம் அல்லது ரெஸ்ட் தாழ்வு. கீழே கிழித்திருந்தால் நேரெதிர். மேல்கீழ் கிழிசலை முதலில் தீர்த்துவிட்டுத்தான் பக்கவாட்டுக்குப் போக வேண்டும். பக்கவாட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதி, வால் எந்தப் பக்கம் கிழித்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் ரெஸ்ட்டைக் கொஞ்சம் நகர்த்து என்பது. வலக்கைக்காரருக்கு வால் இடப்பக்கம் கிழிப்பது அதிகம் காணப்படுவது. அம்பு வளையும் தன்மை கூடிப்போனதற்கும் அது அடையாளம். இந்த விதியைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேம் சாய்வும் கைப்பிடியின் திருகலும் அதே கிழிசலை உண்டாக்கும். அப்போது ரெஸ்ட்டை நகர்த்தினால் கிழிசல் மாறாது, சில சமயம் கூடும். அரை மில்லிமீட்டர் நகர்த்திப் பார்த்து, எதிர்பார்த்த திசையில் மாறாவிட்டால் ரெஸ்ட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு வேறு காரணத்தைத் தேடுவதுதான் முறை.

சிறகில்லாத அம்பு காகிதத்தைவிடக் கறாரானது. சிறகு பறக்கும்போது பிழையைத் திருத்திவிடும். சிறகில்லாத தண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டையும் 20 மீட்டரில் எய்து, அவை எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று பார்ப்பார்கள். சிறகில்லாதது மேலே விழுந்தால் நாணில் மாட்டும் இடம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். நடந்து பின்வாங்கும் சோதனைக்குத் தூக்குக்குண்டு கட்டிய ஒரு செங்குத்துக் கோடு போதும். 20 மீட்டருக்கு வைத்த சைட்டை மாற்றாமல் 30, 40, 50 மீட்டர் என்று பின்வாங்கி எய்தால் அம்புகள் கீழே கீழே விழும். நேர்கோட்டில் விழுந்தால் சரி. தூரம் கூடக் கூட இடப்பக்கம் ஒதுங்கினால் ரெஸ்ட்டை வலப்பக்கம் மயிரளவு நகர்த்த வேண்டும். பிரெஞ்சுச் சோதனை என்று அழைக்கப்படும் முறை இதையே இரண்டு தூரத்தில் முடிக்கிறது: மூன்று மீட்டரில் சைட்டை மட்டும் திருப்பு, 50 மீட்டரில் ரெஸ்ட்டை மட்டும் திருப்பு, இரண்டிலும் நடுவில் விழும்வரை மாறி மாறிச் செய். காற்று வீசும் நாளில் இந்த இரண்டையும் செய்வது நேர விரயம்.

இப்போது அந்த நான்காவது கேள்வி. ரெஸ்ட்டாலேயே எல்லாம் தீரும் என்பவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ரெஸ்ட்டைத் திருப்ப ஓர் ஆலன் கீ போதும். கேம் சாய்வைத் திருத்த வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் வேண்டும், அது எல்லாரிடமும் இல்லை. ஆனாலும் காகிதத்தில் பெரிய கிழிசலை மறைக்க ரெஸ்ட்டை 3, 4 மி.மீ. நகர்த்திவிட்டால், கிட்டத்தில் நேராகப் போகும் அம்பு தொலைவில் ஒதுங்கத் தொடங்கும். காகிதத்துக்கும் 50 மீட்டருக்கும் ஒத்துப்போகாத ரெஸ்ட் நிலை அதிலிருந்துதான் பிறக்கிறது. உண்மைக் குறை பல முறை கேம் சாய்வில்தான்: கேபிள்களை ஒதுக்கிப் பிடிக்கும் கம்பி அவற்றைப் பக்கவாட்டில் இழுக்கிறது. கேம் அந்தப் பக்கம் சாய்கிறது. நாண் நேர்கோட்டில் முன்னே வருவதில்லை. அங்கே இருக்கும் குறைக்கு மருந்தும் அங்கேதான். கேபிளின் பிரிந்த நுனிகள் கேமின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் வில்லில் ஒரு நுனியை முறுக்கி மறுநுனியைத் தளர்த்தலாம். அப்படிப் பிரிவில்லாத வில்லில் அச்சிலுள்ள வாஷரை மாற்றி கேமையே பக்கவாட்டில் நகர்த்தலாம். போடெக் நிறுவனம் டெட்லாக் என்ற பெயரில் அதைத் திருகிலேயே செய்யும்படி வைத்துவிட்டது. வில் உற்பத்தியாளர்களே கேமை நகர்த்த வழி தேடிப் போயிருப்பது, இந்தச் சண்டையில் எந்தக் கட்சி வென்றுகொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஆகவே ரெஸ்ட்டை நகர்த்த என் வரம்பு இது: கையேட்டு அளவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர், அல்லது அதைவிடச் சற்றே கூட. அதற்குள் தீராதது ரெஸ்ட்டின் குறை அல்ல. முதலில் கைப்பிடியையும் அம்பின் விறைப்பையும் பார்க்க வேண்டும், பிறகு கேமை.

இந்தியாவில் இது வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் பேச்சாக இல்லை. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் முதல்முறையாக இடம்பெற்றபோதே ஆண்கள் அணி தங்கம் வென்றது. 2023-ல் ஹாங்சோவில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தன. ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தளேயும் ஆளுக்கு மூன்று தங்கத்தில் பங்கு பெற்றார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது. புதிதாக வில் எடுக்கும் பிள்ளைகள் இனிமேல் கூடுவார்கள். வில்லும் ரெஸ்ட்டும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. பூட்டிக் கொடுத்து, கூட நின்று திருத்தித் தரும் கடை எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே பயிற்சி மையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆளுக்கொரு விலையுயர்ந்த ரெஸ்ட் வாங்கச் சொல்வதற்கு முன் மையத்துக்குப் பொதுவாக ஒரு பிரஸ், ஒரு கவ்வி, இரண்டு ரசமட்டம் வாங்கி வையுங்கள்.

தனியாகப் பழகுபவருக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. ஆலன் கீயைத் தொடும் முன் ரெஸ்ட் இருக்கும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள்; பிறகு ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் திருப்புங்கள்.